புதுப்பிப்பு: செமினாரை மாற்றிய பிறகு மாணவர்கள் சொன்னது

முதுகலை செமினாரில் சிலரே பேசுகிறார்கள், பலர் கட்டுரையை வாசிக்காமல் வருகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பருவம் முடிந்து கருத்துப் படிவங்களும் வந்துவிட்டன.

கைகொடுத்தது ஜிக்சா முறைதான். 1971இல் எலியட் ஆரன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் பள்ளி வகுப்புகளுக்காகத் தொடங்கியது, இங்கேயும் நன்றாகவே பொருந்தியது. ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு கட்டுரையை வாசிக்கும். பிறகு குழுக்களைக் கலைத்து மாற்றி அமைத்தால், புதுக் குழுவில் ஒரு கட்டுரை தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார்; அவர்தான் அதை மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். வாசிக்காமல் வந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

எதிர்பாராதது: அதிருப்தி வந்தது நன்றாகப் பேசும் மாணவர்களிடமிருந்து. மற்ற கட்டுரைகளை அடுத்தவர் வாய்வழியாகவே அறிய வேண்டியிருக்கிறது என்றார்கள். நியாயம்தான். பருவ நடுவிலேயே பெயரில்லாக் கருத்துக் கேட்கச் சொன்னீர்களே, அதனால் இது நேரத்தோடு தெரிந்தது. உடனே வாரம் ஒரு கட்டுரையை எல்லோருக்கும் பொதுவாக்கினேன், முணுமுணுப்பு குறைந்தது.

அப்புறம், படிவத்தில் மாணவர்கள் வகுப்புக்குப் போட்ட மதிப்பெண்ணின் சராசரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன வகுப்பில் ஒருவர் கோபமாக 1 போட்டாலே அது சரிந்துவிடும். எழுத்தில் வந்த கருத்துகள்தான் உதவின.