‘வழக்கு தள்ளுபடி’ என்றதும் நன்றி சொன்னோம்

எடிசன்வாசி:
2025 ஜூன். அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றத்தில் மச்சானுக்கு மாஸ்டர் ஹியரிங் (நாடுகடத்தல் வழக்கின் முதற்கட்ட விசாரணை), துணைக்குப் போனேன். அவன் மெக்சிகோ எல்லை வழியாக வந்து ஒன்றரை வருடம். அசைலம் (அடைக்கலம்) மனு போட்டாயிற்று, வக்கீல் கிடையாது. அரசு வக்கீல் எழுந்து, வழக்கைத் தள்ளுபடி செய்யுங்கள் என்றார். நீதிபதி உடனே சரி என்றார். “இனி உங்கள் மேல் வழக்கு இல்லை” என்று மொழிபெயர்ப்பாளர் போனில் சொன்னதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதவைத் திறந்தால் தாழ்வாரத்தில் முகமூடி போட்ட குடியேற்ற அதிகாரிகள் நாலு பேர், அவனைப் பிடித்துப்போக. அவன் கையில் அந்த உத்தரவுத் தாள் அப்படியே இருந்தது. வெளியே ஆள் நிற்பது நீதிபதிக்குத் தெரியாமலா இருக்கும்?

டல்லாஸ் தம்பி:
எனக்கு 2018. மனைவி அமெரிக்கக் குடிமகள், எனக்காக அவள் போட்ட ஐ-130 (குடும்ப உறவு மனு) நிலுவையில். அது முடியும்வரை நாடுகடத்தல் வழக்கைக் கிடப்பில் போடுவது அதுவரை சாதாரண விஷயம். அந்த மே மாதம்தான் அட்டர்னி ஜெனரல் (நீதித்துறை அமைச்சர்) செஷன்ஸ் அதற்குத் தடை போட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “போன மாதம் வந்திருந்தால் செய்திருப்பேன்” என்றார். 2021இல் அப்போதைய அட்டர்னி ஜெனரல் கார்லண்ட் அந்தத் தடையை நீக்கினார். எனக்கு என்ன பயன்? அதற்குள் ஊர் திரும்பியிருந்தேன்.

பழைய ஐ-589:
எடிசன்வாசி, நீதிபதியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. இவர்கள் தனி நீதித்துறை அல்ல, அட்டர்னி ஜெனரலுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். 2018 அக்டோபரிலிருந்து ஒரு நீதிபதி ஆண்டுக்கு 700 வழக்கு முடிக்க வேண்டும் என்று இலக்கே வைத்திருந்தார்கள். என் வழக்கு 2 நீதிபதிகள் கை மாறியது. முதலாமவர் கேள்வியே கேட்கவில்லை, அடுத்தவர் 3 மணி நேரம் கேட்டு அசைலம் கொடுத்தார். அவ்வளவுதான் என் கதை. இனி வருபவர்கள் கவனியுங்கள்: தள்ளுபடி என்றால் விடுதலை இல்லை. வழக்கோடு அசைலம் மனுவும் போய்விடும். எல்லை தாண்டி வந்து 2 வருடம் ஆகாதவர்களை நீதிபதி முன் நிறுத்தாமலே அனுப்பும் விரைவு நடைமுறைக்கு 2025இல் அதை வழியாக்கினார்கள். “ஆட்சேபிக்கிறேன், எழுத்தில் பதில் தர அவகாசம் வேண்டும், மேல்முறையீட்டு உரிமையை விட்டுத்தரவில்லை” என்று பதிவில் ஏறும்படி சொல்லுங்கள். பயந்துகொண்டு கோர்ட்டுக்கு வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். வராதவர்களுக்கு அங்கேயே நாடுகடத்தல் உத்தரவு போடுவார்கள்.

எடிசன்வாசி:
அண்ணா, ஆட்சேபிக்க வேண்டுமென்றால் அது கெட்ட செய்தி என்று முதலில் புரிய வேண்டுமே. நாங்கள் நீதிபதிக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.