மறு: விக்டோரிய நாவல் பாடநூல் – ‘அனானிமஸ்’ என்பதற்கு என்ன போடுவது?

திருச்சியிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். விக்டோரியக் கால ஆங்கில நாவல் பற்றிய பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கலைச்சொல் பட்டியலில் ‘அனானிமஸ்’, அதாவது ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவருவது, மட்டும் நிற்கிறது. ‘சூடோனிம்’ சிக்கலில்லை, புனைபெயர்தான். 1847இல் கரர் பெல் என்ற பெயரில் ‘ஜேன் அயர்’ எழுதிய ஷார்லட் பிராண்டியும், ஜார்ஜ் எலியட்டாக வந்த மேரியன் எவன்ஸும் அதில் அடங்குவார்கள். ஆனால் 1848இல் எலிசபெத் காஸ்கெல் எழுதிய ‘மேரி பார்ட்டன்’ முகப்பில் எந்தப் பெயருமே இல்லை. மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர்களின் பட்டினியைச் சொல்லி, முதலாளிகளைச் சினங்கொள்ள வைத்த நாவல் அது. இப்போதைக்குப் ‘பெயரிலி நாவல்’ என்று வைத்திருக்கிறேன். போதுமா?

நாகர்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, போதாது. அறிவிலி என்றால் அறிவு இல்லாதவர், ஏதிலி என்றால் ஏதும் இல்லாதவர். காஸ்கெல் அம்மையாருக்குப் பெயர் இருந்தது, அச்சிடவில்லை, அவ்வளவுதான். இருப்பதை ஒளிப்பதற்குத் தமிழில் ‘கரத்தல்’ என்ற அருமையான வினை இருக்கிறது. தண்டியலங்காரத்தின் சித்திரகவி (சொல்விளையாட்டுச் செய்யுள்) வரிசையில் காதை கரப்பு, கரந்துறை செய்யுள் இரண்டும் உண்டு. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருப்பதைக் ‘கரந்துறை’ என்றவர்கள் நாம். ஒளிந்திருக்கும் ஆசிரியரைக் ‘கரந்துறை ஆசிரியர்’ என்றும், அந்த வழக்கத்தைப் ‘பெயர் கரப்பு’ என்றும் சொல்லலாம்.

சென்னையிலிருந்து கல்லூரி ஆசிரியை:

ஐயா, சொல் அழகுதான். ஆனால் கரும்பலகையில் ‘கரப்பு’ என்று எழுதினால் மாணவர்களுக்குக் கரப்பான்தான் நினைவுக்கு வரும். குறளிலும் கரப்பு என்பது இரப்பவனிடம் இருப்பதை ஒளிக்கும் பழி. இங்கே அந்தப் பழி பொருந்தாது. அந்த நூற்றாண்டின் பெரும்பகுதி ‘எடின்பரோ ரிவ்யூ’ போன்ற இதழ்களில் மதிப்புரைகள் எழுதியவர் பெயர் இல்லாமல்தான் வந்தன. பேசுவது இதழ், தனி ஆள் அல்ல என்பது அவர்கள் கொள்கை. 1865இல் தொடங்கிய ‘ஃபோர்ட்நைட்லி ரிவ்யூ’ கட்டுரையாளர் பெயரைப் போட்டபோதுதான் அந்தக் கட்டு தளர்ந்தது. இதையெல்லாம் ஒளிப்பு என்று சொல்லிவிட முடியாது. சுருக்கமாக ‘மறைபெயர்’ என்று போடலாமே?

யாழ்ப்பாணத்திலிருந்து:

அண்ணை, எங்கட பக்கம் பத்திரிகையில் ‘அநாமதேயம்’ என்று எழுதினால் எல்லாருக்கும் விளங்கும். அநாமதேயக் கடிதம், அநாமதேய அழைப்பு. புழக்கத்தில் இருக்கிற சொல்லை வடமொழி என்பதற்காகத் தள்ளிவிட்டு, யாரும் கேட்டிராத ஒன்றை ஏன் செய்ய வேண்டும்?

நாகர்கோவில்:

புழக்கம்தான் அளவுகோல் என்றால் தமிழ்நாட்டில் ‘மொட்டைக் கடுதாசி’ அதைவிடப் புழக்கம். மொட்டை நாவல் என்று போடுவீர்களா?

சென்னை:

மொட்டைக் கடுதாசியில் கெட்ட நோக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது ஐயா. அநாமதேயத்திலும் அந்த வாடை கொஞ்சம் அடிக்கிறது. போலீஸ் செய்தியில்தான் அதை அதிகம் பார்க்கிறேன்.

கோவையிலிருந்து:

இத்தனை மடல்களில் குறுந்தொகையை யாரும் தொடவில்லையே! செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் என்று பாட்டின் தொடரே புலவர் பெயரான மரபு நமக்கு உண்டு. காஸ்கெலின் அடுத்த நூல்கள் “மேரி பார்ட்டன் ஆசிரியர் எழுதியது” என்று வந்தன. இரண்டும் ஒன்றுதான். ‘தொடராற் பெயர் பெற்றோர்’ என்று நம் உரைமரபிலேயே சொல் இருக்கிறது. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்ற தொல்காப்பிய விதியையும் சேர்த்துப் பாருங்கள். பெயர் சொல்லாமல் எழுதுவதற்கு இலக்கணம் வகுத்தவர்கள் நாம்.

நாகர்கோவில்:

அந்த விதி பாட்டில் வரும் தலைவன் தலைவியருக்கு. புலவருக்கு அல்ல. சங்கப் புலவர் அள்ளூர் நன்முல்லை அகம் பாடித் தன் பெயரோடுதான் நிற்கிறாள். செம்புலப்பெயனீராரின் இயற்பெயர் தொலைந்துபோனது. தொகுத்தவர்கள் பாட்டிலிருந்து ஒரு பெயரை எடுத்து வைத்தார்கள். காஸ்கெலின் பெயர் தொலையவில்லை, பதிப்பாளருக்குத் தெரியும்.

இந்த வேறுபாட்டால்தான் ‘மறைபெயர்’ எனக்கு உறுத்துகிறது. அது வினைத்தொகை. மறைந்த பெயரா, மறைத்த பெயரா என்று விரிக்கும்போது இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. குறுந்தொகைப் புலவருடையது மறைந்த பெயர், காஸ்கெலுடையது மறைத்த பெயர். நமக்கு வேண்டிய எல்லைக்கோட்டை அந்தத் தொகை அழித்துவிடுகிறது. 1844இல் ராபர்ட் சேம்பர்ஸ் உலகின் தோற்றம் பற்றிப் பெயர் போடாமல் ஒரு நூல் எழுதினார். படைப்பைப் பற்றிய சமய நம்பிக்கையோடு மோதிய நூல். அவர் 1871இல் இறந்து, 1884இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பில்தான் பெயர் வந்தது. சாகும்வரை இருபத்தேழு ஆண்டு ஒருவர் முனைந்து செய்த செயல் அது. சொல்லில் அந்த முனைப்பு தெரிய வேண்டும்.

திருச்சி:

ஐயா, நன்றி. இந்த மடலுக்குப் பிறகு எனக்குத் தெளிந்துவிட்டது. ஒரே சொல்லில் முடிக்க நினைத்ததுதான் சிக்கல். ஆசிரியர் யாரென்றே தெரியாத நூலுக்குப் ‘பெயரிலி’. தெரிந்தே பெயர் போடாமல் வெளியிட்டதற்குப் ‘பெயர் மறைத்த நூல்’, அந்த வழக்கத்துக்குப் ‘பெயர் மறைப்பு’. நீளம்தான், ஆனால் முதல் வாசிப்பிலேயே புரியும். அப்புறம், ‘சென்சேஷன் நாவல்’ என்பதற்குப் ‘பரபரப்பு நாவல்’ என்று எழுதிவிட்டேன். வில்கி காலின்ஸும் மேரி பிராடனும் 1860களில் வாசகரை உலுக்கியதற்கு அது பொருந்தும். எதிர்ப்பு இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

சென்னை:

எனக்குச் சம்மதம்.

கோவை:

சரி. தொடராற் பெயர் பெற்றோரை அடிக்குறிப்பிலாவது சேருங்கள். பரபரப்பு நாவல் என்றதும் ஆங்கில நாவலாசிரியர் ரெய்னால்ட்ஸைத் தழுவி எழுதிய ஆரணி குப்புசாமி முதலியார் நினைவுக்கு வந்தார். அவரைப் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போகிறேன். 1850இல் டென்னிசன் தன் நண்பன் ஆர்தர் ஹாலமின் மறைவை நினைந்து பாடிய ‘இன் மெமோரியம்’ முகப்பிலும் பெயர் இல்லை. ஆனால் எழுதியவர் யாரென்று வெளிவந்த வேகத்திலேயே வாசகர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பெயரிலி என்றும் சொல்ல முடியாது, பெயர் மறைப்பு என்றும் சொல்ல முடியாது. அநாமதேயம் என்றால் மூன்றும் அதற்குள் வரும். உங்கட பட்டியலில் டென்னிசனை எங்கே வைப்பீர்கள்?