ரெண்டாவது வேணுமா வேணாமா, உங்க வீட்ல எப்படி முடிவு பண்ணீங்க?

தூக்கமில்லா_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருக்கேன், எழுதறது இதான் முதல் தடவை, நீளமா போனா பொறுத்துக்கோங்க. எனக்கு 33 வயசு, பையனுக்கு மூணு முடியப்போகுது, சிசேரியன். இப்ப ரெண்டாவது பத்தி பேச்சு ஆரம்பிச்சாச்சு. மாமியார் நேரா கேக்கவே மாட்டாங்க, "ஒரு கண்ணு கண்ணா, ஒரு புள்ள புள்ளையா"ன்னு சுவத்தைப் பாத்து சொல்லிட்டு போயிடுவாங்க. எங்கம்மா அதுக்கும் மேல, உடம்புல தெம்பு இருக்கும்போதே முடிச்சிருன்னு ஏதோ பாக்கி வேலை கணக்கா சொல்றாங்க. வீட்டுக்காரர் அண்ணன் தம்பியோட வளந்தவர், அவருக்கு ரெண்டு வேணும். சண்டையெல்லாம் போடல, ஆனா பையன் தனியா உக்காந்து காருக்கும் டைனோசருக்கும் தானே ரெண்டு குரல்ல பேசிட்டிருந்தா "பாவம்ல"ன்னு ஒரு வார்த்தை விடுவார், அது வந்து எனக்கு குத்தும்.

என் நிலைமை என்னன்னா வேண்டாம்னு அடிச்சு சொல்லவும் முடியல, வேணும்னு மனசும் வரல. முதல் ஒரு வருஷம் ரொம்ப மோசம், காரணமே இல்லாம அழுதுட்டே இருந்தேன், எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்லி டாக்டர்கிட்ட யாரும் கூட்டிட்டு போகல. வேலையில இப்பதான் கொஞ்சம் நிமிந்திருக்கேன். குழந்தை பிடிக்காதுன்னு இல்லைங்க, யார் வீட்டு கைக்குழந்தையா இருந்தாலும் மடியில வாங்குனா இறக்க மனசே வராது, ஆனா அதே குழந்தை வீல்னு அழ ஆரம்பிச்சா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது.

பெத்துக்கலாமா வேணாமான்னு கேக்கல, அதை நீங்க யாரும் சொல்ல முடியாது. நீங்க எப்படி ஒண்ணுலயோ ரெண்டுலயோ மூணுலயோ வந்து நின்னீங்க? உக்காந்து பேசி முடிவு பண்ணீங்களா, இல்ல அதுபாட்டுக்கு நடந்துச்சா?

சும்மா_ஒரு_ஆள்:

இதுக்கெல்லாம் இவ்ளோ யோசிச்சிருந்தா நாம யாருமே பொறந்திருக்க மாட்டோம். ரெண்டு பெத்துக்கோங்க சிஸ். ஒத்தப்புள்ள அடம் புடிக்கும், யாரோடயும் ஒட்டாது, எதையும் பங்கு போட்டுக்காது, அப்புறம் நீங்கதான் வருத்தப்படுவீங்க.

ஒத்தைமரம்:

மேல சொன்னவருக்கு, நான் ஒத்தப்புள்ளதான், எல்லாரோடயும் நல்லாத்தான் ஒட்டுறேன், உங்களோட மட்டும் இப்ப கொஞ்சம் கஷ்டமா இருக்கு 🙂

சும்மா சொல்லல. இந்த "ஒத்தப்புள்ளன்னா அடம்" கதையை ஆராய்ச்சி பண்ணவங்க எப்பவோ தூக்கி போட்டாச்சு. டோனி ஃபால்போ, டெனிஸ் போலிட்னு ரெண்டு பேர் 1986ல அதுவரைக்கும் வந்திருந்த நூத்துக்கும் மேல ஆய்வுகளை ஒண்ணா சேத்து பாத்தாங்க, குணத்துலயோ மத்தவங்களோட பழகறதுலயோ ஒத்தப்புள்ளைங்க மட்டம்னு ஒண்ணுமே வரல. ஏதோ சாதிக்கணும்ங்கிற உந்துதல்ல கொஞ்சம் மேலயே இருந்தாங்க. அதனால பையன் கெட்டுப்போயிடுவான்னு பயந்து மட்டும் ரெண்டாவது பெத்துக்காதீங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும், சின்ன வயசுல எனக்கு தனிமை ஒரு விஷயமாவே தெரியல, இப்பதான் தெரியுது. அப்பாவுக்கு உடம்பு முடியாம போனப்போ ஆஸ்பத்திரி பேப்பர் எல்லாத்துலயும் கையெழுத்து நான் ஒருத்திதான், "நீ என்ன நினைக்கிற"ன்னு கேக்க கூடப்பொறந்த ஆள் இல்ல. அதே சமயம் கூடப்பொறந்தவங்க நாலு பேர் இருந்தும் ஒருத்தரே எல்லாம் பாக்கற வீடும் எனக்கு தெரியும், சொத்துன்னா மட்டும் நாலு பேரும் வருவாங்க. கூடப்பொறந்தது துணையா வருமா வம்பா வருமான்னு பெக்கும்போதே யாருக்கு தெரியும் சொல்லுங்க. உங்க பையன் காருக்கும் டைனோசருக்கும் குரல் கொடுக்கறது பாவம் இல்ல, அது நல்லா விளையாடற குழந்தை, அவ்ளோதான்.

வார்டு_அக்கா:

நான் பிரசவ வார்டுல ரொம்ப வருஷமா நர்ஸா இருக்கேன்மா, உடம்பு சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்றேன், மத்தது உங்க குடும்ப விஷயம்.

முதல்ல வயசு. எல்லாரும் 35னு சொல்லி பயமுறுத்துவாங்க, 35வது பொறந்தநாள் அன்னைக்கு கதவு ஒண்ணும் சாத்தறதில்ல, ஆனா கரு நிக்கற வாய்ப்பு குறையறது நிஜம், அதுக்கப்புறம் கொஞ்சம் வேகமாவே குறையும், கரு கலையற வாய்ப்பும் ஏறும், 45ஐ தாண்டினா பாதிக்கு மேல கலைஞ்சிடும். 2015ல நெதர்லாந்துல ஒரு குழு கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு பாத்தாங்க, ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) இல்லாம நூத்துக்கு தொண்ணூறு வாய்ப்போட ஒரு குழந்தை வேணும்னா 32க்குள்ள முயற்சிய ஆரம்பிக்கணும், ரெண்டுன்னா 27, மூணுன்னா 23. இதைப் படிச்சதும் தலையில கை வெச்சுடாதீங்க, உங்களுக்கு ஒண்ணு இருக்கு, இன்னும் ஒண்ணுதான் கேள்வியே, அதனால அந்த முதல் வரிதான் உங்களுக்கு கிட்டத்தட்ட பொருந்தும். நூத்துக்கு எழுபத்தஞ்சு போதும்னா அதே கணக்குல 37 வரைக்கும் வருது. அதாவது ஒரு வருஷம் நிதானமா யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கு, அஞ்சு வருஷம் யோசிச்சா அப்புறம் வயசே முடிவு பண்ணிடும். இதுக்கு நடுவுல யாராவது ஏஎம்எச் டெஸ்ட் எடுத்து பாத்துட்டு முடிவு பண்ணுன்னு சொல்வாங்க, அது முட்டை எவ்வளவு இருப்புன்னு ஒரு அளவுக்கு காட்டும், இயற்கையா கரு நிக்குமா நிக்காதான்னு அதை வெச்சு சொல்ல முடியாது.

அடுத்தது இடைவெளி. ஒரு பிரசவம் முடிஞ்சு அடுத்த கருவுக்கு குறைஞ்சது 24 மாசம் விடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நீங்க அதை தாண்டியாச்சு. சிசேரியன் ஆன தையலுக்கும் அந்த இடைவெளி நல்லது, சீக்கிரமா அடுத்தது வந்து நார்மலுக்கு முயற்சி பண்ணா கர்ப்பப்பையில இருக்கற பழைய தழும்பு பிரிஞ்சு கிழியற அபாயம் கூடும். இன்னொண்ணு, மூணு நாலுன்னு ஆசைப்படறவங்களுக்கு. ஒவ்வொரு சிசேரியனுக்கும் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில ஆழமா ஒட்டிக்கிட்டு பிரியாம போற ஆபத்து ஏறிட்டே போகும், ரெண்டாவது சிசேரியன்ல ஆயிரத்துக்கு மூணு பேருக்குன்னா நாலாவதுல நூத்துக்கு ரெண்டு பேர், கர்ப்பப்பையையே எடுக்கற அளவுக்கு போகும். எத்தனை குழந்தைன்னு பேசறப்போ இதை யாரும் பேசறதே இல்ல. முதல் தடவை கர்ப்பத்துல சக்கரை வந்திருந்தா பாதிப் பேருக்கு மறுபடி வரும், அதையும் கணக்குல சேத்துக்கோங்க.

கடைசியா நீங்க சொன்ன அந்த அழுகை. அது எல்லாருக்கும் வர்றது இல்லம்மா. பொறந்த ரெண்டு வாரத்துக்குள்ள வந்து போறது வேற, வருஷம் பூரா இருந்தது வேற, அதுக்கு பேரு பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு, வைத்தியம் உண்டு. ஒரு தடவை வந்தவங்களுக்கு மறுபடி வர வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம், ஆனா முன்னாடியே டாக்டருக்கு தெரிஞ்சா முதல் மாசத்துலேர்ந்தே கவனிப்பாங்க. ரெண்டாவது பெத்துக்கறீங்களோ இல்லையோ, குழந்தை அழுதா நெஞ்சு படபடங்குதுல்ல, அதுக்காகவே ஒரு தடவை போய் பேசிட்டு வாங்க.

இருவர்_மட்டும்:

நாங்க பூஜ்யத்துல நின்னுட்டோம், பேசித்தான் நின்னோம், சந்தோஷமா இருக்கோம். இதுவும் ஒரு எண்ணிக்கைதான்னு ஞாபகப்படுத்திட்டு போலாம்னு வந்தேன். இந்த "பாவம்ல" எங்களுக்கும் அடிக்கடி கிடைக்கும்.

ரெட்டைவால்_அப்பா:

ஆம்பளை பக்கத்துலேர்ந்து ஒருத்தர். எங்களுக்கு ரெண்டு, ஆனா ரெண்டாவதுக்கு முன்னாடி ரொம்ப நாள் என் மனைவி வேண்டாம்னுதான் இருந்தா, நான் வேணும்னு இருந்தேன். அப்ப தேடி படிச்சதுல ஒண்ணு மனசுல நின்னுச்சு, மத்தியாஸ் டோப்கே, ஃபேபியன் கிண்டர்மன்னு ரெண்டு பொருளாதார ஆளுங்க 2019ல எழுதுனது, ஐரோப்பா நாடுகள்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா இன்னொரு குழந்தை வேணுமான்னு கேட்டு, அப்புறம் பொறந்துச்சான்னு பாத்திருக்காங்க. ஒருத்தர் வேண்டாம்னு சொன்னாலே பெரும்பாலும் பொறக்கல. இதுல மெஜாரிட்டிலாம் கிடையாது, ரெண்டு பேர் கையிலயும் வீட்டோ, அதாவது தடுக்கற அதிகாரம், இருக்கு. பிறப்பு விகிதம் ரொம்ப கம்மியா இருக்கற நாடுகள்ல அந்த வேண்டாம்ங்கிறது அதிகமா பொம்பளைங்ககிட்டேர்ந்துதான் வருது, எங்கெல்லாம் குழந்தை வேலையில ஆம்பளைங்க கை வைக்கறது கம்மியோ அங்கதான் அது அதிகம். ஆக "எத்தனை குழந்தை"ங்கிற கேள்விக்குள்ள "யாரு பாத்துக்கறது"ங்கிற கேள்விதான் ஒளிஞ்சிருக்கு. மாமியார் பழமொழியெல்லாம் சும்மா மேல இருக்கற நுரை.

எங்க வீட்ல என்ன நடந்துச்சுன்னா, என் மனைவி ஒரு பழைய நோட்டை எடுத்து குழந்தை வேலைன்னு எழுத ஆரம்பிச்சா. குளிப்பாட்டறது, சாப்பாடு ஊட்டறதெல்லாம் முதல் பக்கத்துலயே முடிஞ்சிடுச்சு, அதுல நானும் நிறைய பண்ணிட்டுதான் இருந்தேன். அடுத்த பக்கம் வேற மாதிரி இருந்துச்சு. தடுப்பூசி தேதி யாருக்கு ஞாபகம் இருக்கு, ஷூ சின்னதாயிடுச்சுன்னு யார் கவனிக்கறது, ஜுரத்துல வீட்டுக்கு அனுப்பறோம்னு ஸ்கூல்லேர்ந்து போன் வந்தா யார் நம்பருக்கு வருது, மீட்டிங்ல இருந்து யார் எந்திரிச்சு போறது, ராத்திரி இருமல் சத்தத்துக்கு யார் காது முதல்ல முழிச்சுக்குது. எல்லாத்துலயும் அவ பேரு. நான் உதவி பண்றேன்னு சொன்னா "உதவி வேண்டாம், வேலைய எடுத்துக்கோ"ன்னுட்டா. அதனால பாதி பாதின்னு பிரிக்காம சில வேலைய முழுசா கை மாத்துனோம், ஸ்கூல், டாக்டர், துணிமணி மூணும் என்னோடது, ஸ்கூல்ல போன் நம்பரை மாத்தி கொடுத்தேன், அவ கேக்கவே கூடாது. ஒரு வருஷம் போல அப்படியே ஓடுச்சு, அப்புறம் அவளா ஒரு நாள் "சரி பாக்கலாம்"னா. அவ அப்பவும் வேண்டாம்னு சொல்லியிருந்தா ஒண்ணோட நின்னிருப்போம், அதையும் முதல்லயே பேசித்தான் வெச்சிருந்தோம், இல்லன்னா அந்த ஒரு வருஷம் நான் லஞ்சம் கொடுத்த மாதிரி ஆயிருக்கும்.

இன்னொண்ணும் இருக்கு. முதல் குழந்தை பொறந்தப்புறம் மனசந்தோஷம் அதிகமா விழுந்தவங்க ரெண்டாவது பெத்துக்கறது குறைவுன்னு ஜெர்மனியில ஆய்வு பண்ணி 2015ல போட்டிருக்காங்க. அதனால முதல் வருஷத்தை நினைச்சு தயங்கறது உங்க பலவீனம்லாம் இல்ல, உங்க வீட்டுக்காரருக்கு இதை காட்டுங்க.

மூணுகோட்டை_ராணி:

எனக்கு மூணு. முதல் ரெண்டும் பொண்ணு, மூணாவதும் பொண்ணு, போதுமா 😄 முதல் ரெண்டும் ஒரே இனமா இருந்தா மூணாவதுக்கு போறவங்க அதிகம்னு அமெரிக்காவுல 1998லயே கணக்கு எடுத்து வெச்சிருக்காங்களாம், எங்களை யாரும் கேக்காமயே அந்த கணக்குல சேத்துட்டாங்க போல. நாங்க உக்காந்துலாம் பேசல. ரெண்டாவது திட்டம் போட்டு, மூணாவது அவளா வந்தா.

நிஜத்தை சொல்றேன், ஒண்ணுலேர்ந்து ரெண்டு ஆனப்போ ஆளுக்கு ஒண்ணு, சமாளிச்சிடலாம். மூணுன்னா கை பத்தாது, ரோடு தாண்டும்போது ஒருத்தி எப்பவும் யார் கையிலயும் இல்லாம என் துப்பட்டாவை புடிச்சிட்டு வருவா. மூத்தவளுக்கு ஏழு வயசுதான், அதுக்குள்ள "நீ பெரியவ"ன்னு சொல்லி சொல்லியே அவளை சீக்கிரம் பெரியவளாக்கிட்டோம். அதை எந்த ஆராய்ச்சி கணக்கு எடுக்கும்னு தெரியல. அதுக்காக மூணாவது வேணாம்னு ஒரு நாள் கூட தோணுனது இல்ல, ரெண்டும் ஒரே மண்டைக்குள்ளதான் இருக்கு.

நிறைய பெத்தா படிப்பு கெடும், இருக்கறதைத்தான் பிரிக்கணும்னு சொல்ல யாராவது வருவாங்க, அதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். நார்வேல எல்லா குடும்பத்தோட பதிவையும் வெச்சு 2005ல பாத்தப்போ, எத்தனாவதா பொறந்ததுங்கிறதை கணக்குல எடுத்துட்டா குடும்ப அளவால படிப்புல பெரிசா வித்தியாசம் இல்லைன்னுதான் வந்துச்சு. பின்னாடி பின்னாடி பொறக்கறவங்களுக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமா கம்மி. எங்க கடைக்குட்டி இதை படிச்சா சாக்கா வெச்சுப்பா.

ஒரே ஒரு விஷயம், மொத்தமா எத்தனைன்னு முடிவு பண்ண உக்காராதீங்க. அடுத்தது ஒண்ணு வேணுமான்னு மட்டும் பேசுங்க, அதுவும் ராத்திரி பதினோரு மணிக்கு பேசாதீங்க.

தூக்கமில்லா_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அக்காவுக்கு ஸ்பெஷலா. மனச்சோர்வுக்கு டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன், வீட்டுக்காரரும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கார். நோட்டு விஷயத்தை அவர்கிட்ட காட்டுனேன், "நான் எல்லாமே பண்றேனே"ன்னு ஆரம்பிச்சார், பையனோட ஷூ சைஸ் என்னன்னு கேட்டேன், உள்ள போய் ஷூவை திருப்பி பாத்துட்டு வந்து சொன்னார். இது சரியா தப்பா?

ரெட்டைவால்_அப்பா:

தப்பு. ஆனா எந்திரிச்சு போய் பாத்தார்ல, அதுக்கு பாஸ் மார்க் போடுங்க.

சும்மா_ஒரு_ஆள்:

எனக்கும் என் பொண்ணு ஷூ சைஸ் தெரியாதுங்க இப்பதான் கவனிச்சேன். இருந்தாலும் ரெண்டு பெத்துக்கோங்க.

ஒத்தைமரம்:

யாராவது இவரை பிளாக் பண்ணுங்கப்பா.