செல் ஸ்ட்ரெஸ்: அழுத்தமா, தகைவா, பொறையா?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். நவம்பர் 14 நீரிழிவு நாள் மலருக்காக ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் கோகான் ஹோட்டமிஷ்லிகில் செய்த ஆய்வு பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். அவர் குழு 2004இல் சயன்ஸ் இதழில் காட்டியது இது: உடல் பருத்த எலிகளின் கல்லீரலிலும் கொழுப்புத் திசுவிலும், செல்களுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை திணறுகிறது. புரதங்களை மடித்து உருக்கொடுக்கும் இடம் அது. அங்கே வேலை தேங்கினால் ஜே.என்.கே. என்ற நொதி முடுக்கிவிடப்பட்டு, இன்சுலின் சொல்வதைச் செல் கேட்காமல் போகிறது. இந்தத் திணறலுக்குத்தான் ஸ்ட்ரெஸ் என்று பெயர். 'செல் அழுத்தம்' என்று எழுதினேன். அடுத்த பத்தியிலேயே இரத்த அழுத்தம் வருகிறது, அதற்கடுத்து மன அழுத்தம். மூன்றும் ஒன்று என்று வாசகர் நினைத்துவிட்டால் கட்டுரையே பாழ். வேறு சொல் தாருங்கள்.

உயிரியல் ஆசிரியை:
'செல் அழுத்தம்' என்று நானும் பிளஸ் டூ வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "செல்லுக்குள்ள பி.பி. எப்படி மிஸ் அளப்பாங்க?" என்று கேட்டாள். தவறு அவளுடையது அல்ல, சொல்லுடையது. அழித்துவிட்டு 'நெருக்கடி' என்று எழுதினேன். அதன்பின் குழப்பமில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
இயற்பியல் பாடநூலில் ஸ்ட்ரெஸ்ஸுக்குத் 'தகைவு' இருக்கும்போது புதிதாக எதற்குத் தேட வேண்டும்? தகைதல் என்றால் தடுத்து நிறுத்துதல். மடியாமல் புரதம் குவியும்போது செல் என்ன செய்கிறது? பெர்க் என்ற நொதியின் வழியாகப் புதுப் புரத உற்பத்தியையே குறைத்து நிறுத்துகிறது. தகைகிறது ஐயா! ஒரு துறைக்கு ஒரு சொல் என்று போனால் அறிவியல் தமிழ் சிதறிவிடும்.

தமிழாசிரியர்:
தகை என்றதும் என் போன்றோர்க்கு 'தகைசான்ற சொற்காத்து' என்ற குறள்தான் நினைவுக்கு வரும், அங்கே தகை பெருமை. நான் 'பொறை' என்பேன். 'பொறையொருங்கு மேல்வருங்கால் தாங்கி' (குறள் 733) என்ற இடத்தில் பொறை சுமை. பொறையுடைமை அதிகாரத்திலோ அது தாங்கும் குணம். 'பொறு' என்ற ஒரே வினையிலிருந்து சுமையும் அதைத் தாங்குவதும் பிறக்கின்றன. செல்லின் கதையும் அதுதானே?

மருத்துவர்:
அழகான விளக்கம் ஐயா. ஆனால் 'செல் பொறை' என்றால் என் நோயாளி பொறுமை என்றுதான் எடுத்துக்கொள்வார். வினையோடு சேர்த்துப் பாருங்கள். 2006இல் ஹோட்டமிஷ்லிகில் குழு, புரதம் மடிய உதவும் பினைல்பியூட்டிரிக் அமிலம் என்ற மருந்தைக் கொடுத்தபோது பருத்த எலிகளின் சர்க்கரை இறங்கியது. 2009இல் அதே மருந்து எலித் தமனிகளில் கொழுப்புப் படிவதைக் குறைத்தது. நீரிழிவும் இதயநோயும் ஒரே வேரில் சந்திக்கின்றன என்பதல்லவா செய்தி! 'நெருக்கடி தணிந்தது' என்றால் யாருக்கும் புரியும். பொறையைத் தணிப்பது எப்படி?

தமிழாசிரியர்:
பொறையைத் தணிக்க வேண்டாம், இறக்கலாம். ஊர் எல்லையில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடக்கும், தலைச்சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம். அந்த மருந்துக்குச் 'சுமைதாங்கி' என்றே பெயர் வைக்கலாமே.

மொழிபெயர்ப்பாளர்:
மிக நன்று ஐயா, ஆனால் புரதம் மடிய உதவும் பொருளுக்கு அது பொருந்துமா தெரியவில்லை. போகட்டும், 'மடியாப் புரதம்' என்று எழுதலாமா?

தமிழாசிரியர்:
கூடாது. மடிதல் சாதல். மடியாப் புரதம் சாகாப் புரதம் ஆகிவிடும். மடியின்மை அதிகாரத்தில் மடி சோம்பல், அந்தக் குழப்பம் வேறு. 'மடிக்கப்படாத' என்று நீட்டியே எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
ஆக்ஸிஜன் வினைகள் செல்லைச் சேதப்படுத்தும் ஆக்ஸிஜனேற்ற ஸ்ட்ரெஸ் வந்தால் 'ஆக்ஸிஜனேற்ற நெருக்கடி' என்பீர்களா? ஆக்ஸிஜன் உருளைத் தட்டுப்பாடு என்று படிப்பார்கள். தகைவுதான் சரி.

மொழிபெயர்ப்பாளர்:
மாலைக்குள் அனுப்ப வேண்டும். மூன்று பேர் 'நெருக்கடி' என்கிறோம், ஆகவே 'செல் நெருக்கடி' என்றே போகிறது. முதல் இடத்தில் அடைப்புக்குள் 'ஸ்ட்ரெஸ்' சேர்த்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:
மலருக்குச் சரி. ஆனால் நெருக்கடி வெளியிலிருந்து வருவது, செல் தாங்குவதைச் சொல்ல அதில் இடமில்லை. அடுத்த பதிப்பு வரும்போது பொறையை மறுபடி எடுத்துப் பேசுவோம்.