பேய் வீட்டுப் படம் பார்த்த பெரிய வீட்டுக்காரர்கள்

பள்ளத்தூர்ப் பங்காளி:

செட்டிநாட்டு வீட்டில் உட்கார்ந்து பேய் வீட்டுப் படம் பார்ப்பது தனிக் கூத்து. படத்தில் வருகிற வீட்டைவிட நாம் உட்கார்ந்திருக்கிற வீடு பல மடங்கு பெரியது. பாதி அறை பூட்டிக் கிடக்கும், சாவி சென்னையிலோ மலேசியாவிலோ ஒரு பங்காளியிடம் இருக்கும். அதனால் யார் எந்த இடத்தில் பயப்படுவார்கள் என்று சொல்லவே முடியாது. உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள். முதலில் எங்களுடையது.

முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு எல்லாரும் ஊருக்கு வந்திருந்தோம். சாமான் கழுவிக் கவிழ்த்த பிறகு பொடிசுகள் பேய்ப் படம் கேட்டு அடம். வளவில், அதாவது வீட்டின் நடுவே தூண்கள் சூழ்ந்த முற்றத்தில், பாயை விரித்து, இரண்டு தூணுக்கு நடுவே வேட்டியை இழுத்துக் கட்டி, 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' போட்டோம். ஓரன் பெலி என்பவர் 2006-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் தம் சொந்த வீட்டிலேயே ஒரு வாரத்தில் எடுத்த படம். செலவு சுமார் 15,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏழு லட்சம் ரூபாய்கூட வராது. 2009-ல் தியேட்டர்களுக்கு வந்து 19 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. பெரியப்பா தொகையைக் கேட்டதும், "வளவுக்கு ஓடு மாத்த இதைவிடக் கூடக் கேக்குறானே" என்றார். அவர் அதற்கப்புறம் படத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கதை இவ்வளவுதான்: ஒரு ஜோடி, படுக்கையறையில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத் தூங்குகிறது. தூங்கும்போது என்ன நடக்கிறது என்று நாம் பார்க்கிறோம். இந்தப் படத்தின் டிரெய்லரில் படத்தைக் காட்டியதைவிட, தியேட்டர் இருட்டில் அலறுகிற ஜனங்களைத்தான் அதிகம் காட்டினார்கள். அப்படி அலற வைத்த இடங்களில் ஒன்று, கதவு தானாக அசைந்துவிட்டுத் திரும்பி வரும் இடம். இங்கே சிரிப்பு. எங்கள் நிலைக்கதவு பர்மாத் தேக்கு, தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் நகரும். "இதைத் தள்ளுற பேய்க்கு யாருப்பா சோறு போடுறது?" என்றான் தம்பி மகன்.

அப்புறம் பவுடர் காட்சி. பேய் வருகிறதா என்று பார்க்க அந்தப் பையன் தரை முழுக்க பவுடரைத் தூவி வைக்கிறான். பார்த்தால் மூன்று விரல் தடம். அப்பத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "கோழிக் காலு" என்று முடித்துவிட்டார். தரையைப் பாழாக்கினானே என்பதுதான் அவர் வருத்தம்.

ஆனால் ஓர் இடத்தில் வீடே அடங்கியது. நடுராத்திரியில் அந்தப் பெண் எழுந்து, கட்டில் பக்கத்தில் நின்றபடி, தூங்குகிறவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். திரையின் மூலையில் கடிகாரம் மட்டும் மணிக்கணக்கில் ஓடுகிறது. ரத்தம் இல்லை, கோர முகம் இல்லை, சத்தம்கூட இல்லை. அப்பத்தா சொன்னார்: "தூக்கம் வராம நிக்கிறா. அவன் பாட்டுக்குத் தூங்குறான் பாரு."

அதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஆண்கள் பர்மாவிலும் மலாயாவிலும் மூன்று வருஷக் கணக்கில் உட்கார்ந்திருக்க, இந்த வளவுகளில் ராத்திரி தூங்காமல் நின்ற பெண்கள் எத்தனை பேர் என்று எங்கள் ஆச்சிமாருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஏழு லட்ச ரூபாய்ப் படத்தில் காசே செலவழியாத காட்சி அதுதான், அதுதான் வேலை செய்தது.

ஷூட்டிங் மேனேஜர்:

நான் எதிர்ப் பக்கத்து ஆள். சின்ன பட்ஜெட் பேய்ப் படம் ஒன்றுக்கு உள்ளூர் ஏற்பாடெல்லாம் நான்தான். பெயர் வேண்டாம், ஓடாத படம்.

வீட்டுக்காரர் போட்ட முதல் நிபந்தனை, தரையில் ரத்தம் கூடாது. தரையில் பதித்திருக்கிற ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்வது, சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதனால் வாசல் பக்க முகப்பில் நடக்க வேண்டிய கொலையை, வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டில் அம்மி, ஆட்டுக்கல் பக்கம் கருங்கல் தரைக்கு மாற்றினோம். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மெஷின் வைத்துப் போலி ஒட்டடை படிய வைத்தார்கள் ஆர்ட் டிபார்ட்மெண்ட் பையன்கள். விடிந்ததும் வாட்ச்மேன் அண்ணன் பொறுப்பாக அத்தனையையும் துடைத்து எடுத்துவிட்டார். இத்தனை வருஷம் அந்த வீட்டை ஒட்டடை இல்லாமல் வைத்திருக்கிற மனிதரிடம் என்னவென்று கோபிப்பது?

காரைக்குடி தியேட்டரில் முதல் நாள் நம் ஊர் ஜனத்தோடு பார்த்தேன். பயமா? "ஏய், அது ராயவரத்து முகப்பு!" "இப்ப காட்டுறது கானாடுகாத்தான் வளவுப்பா!" என்று வீடு கண்டுபிடிக்கிற போட்டி நடந்தது. இரண்டு வீட்டை ஒட்டி ஒரே வீடாகக் காட்டியிருந்தோம், வெளியூரில் யாரும் கேட்கவில்லை. இங்கே விடுவார்களா? கதாநாயகி வழி தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி ஓடும் காட்சியில் பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஆத்தா, நேரா ஓடு, பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கு!" தியேட்டரே குலுங்கியது. அவர் சொன்னது நியாயம்தான். தலைவாசலில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே பார்வையில் தெரிகிற வீட்டில் எப்படித் தொலைவது?

என் கருத்து, நம் வீட்டை வைத்துப் பேய்ப் படம் எடுக்கிறவர்கள் அந்த நீளத்தைப் பயன்படுத்த வேண்டும். அந்தக் கடைசி வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று காட்டினாலே போதும், அவர் நடந்து வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் பாருங்கள். இதை இயக்குநரிடம் சொன்னேன். அவர் ஆளை உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிடத்தான் ஆசைப்பட்டார்.

கோவை மருமகள்:

நீங்கள் எல்லாரும் சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேவகோட்டைப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவள், பிறந்து வளர்ந்தது இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்டில். ஊர்த் திருவிழாவுக்கு வந்தபோது அதே 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யை ஹெட்போன் மாட்டி போனில் பார்த்தேன். தனியாகப் பார்த்தது தப்பு என்பது கழற்றிய பிறகுதான் தெரிந்தது. மேலே கூரையில் யாரோ ஓடுகிற மாதிரி சத்தம். நிற்கும், மறுபடி ஓடும், பொத்தென்று எதையோ போடும். சரி, பூனை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் வாசனைக்கு என்ன சொல்ல? நடுராத்திரி, அடுப்படி பூட்டியாயிற்று, இரண்டாங்கட்டில் பாசுமதி அரிசி வேகிற வாசனை. மூக்கில் ஏறுகிற அளவுக்கு. காலையில் மாமியாரிடம் சொன்னேன். "அது அப்பப்ப வரும்த்தா" என்று காபி ஆற்றப் போய்விட்டார். இந்தப் பதிலைவிடப் பயங்கரமான வசனம் எந்தப் பேய்ப் படத்திலும் நான் கேட்டதில்லை. இப்போதும் அங்கே போனால் மேல்மாடிக்குப் போவதில்லை.

சிங்கப்பூர்வாசி:

மருமகள் அவர்களே, நிம்மதியாகத் தூங்குங்கள். அது மரநாய். இங்கே சிங்கப்பூரிலும் கூரைக்குள் குடியிருக்கும், மூசாங் என்பார்கள். பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி பழம் தேடிப் போகும். எல்லையைக் காட்ட அது விட்டுப்போகிற வாடை அப்படியே ரம்பை இலை வாசனை, அதாவது பாசுமதி வாசனை. மேல்மாடி விளிம்பில் பழக்கொட்டை நிறைந்த எச்சம் கிடக்கிறதா என்று வாட்ச்மேனைப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே சீறலும் கிறீச்சிடலுமாகக் கேட்டால் அது கூகை. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் சவுண்ட் டிசைனர் தேவையில்லை.

கோட்டையூர்க் காவல்:

நான் அதிகம் எழுதத் தெரியாதவன். பூட்டின வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த மாதிரிப் படம் வந்தால் அடுத்த மாதம் பசங்கள் வந்துவிடுகிறார்கள். மதில் ஏறி உள்ளே குதித்து, "பேய் பங்களாவில் ஓர் இரவு" என்று ரீல்ஸ் எடுக்கிறார்கள். ஒரு ராத்திரி நான் டார்ச் அடித்ததைப் பேய் வெளிச்சம் என்று போட்டிருந்தார்கள், நிறையப் பேர் பார்த்தார்களாம். ஓடுகிற அவசரத்தில் ஓட்டை மிதித்து உடைத்தால் மழைத் தண்ணீர் நேராக உத்தரத்தில் இறங்கும். பேய் இதுவரை ஒரு ஓடும் உடைத்ததில்லை.

பள்ளத்தூர்ப் பங்காளி:

அண்ணே, நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. அந்த வீடியோக்களை எங்காவது பார்த்தால் நானும் புகார் கொடுக்கிறேன், மற்றவர்களும் கொடுங்கள்.

கோவை மருமகளுக்கு: மரநாயைப் பொறி வைத்துப் பிடிக்கவோ அடிக்கவோ யாரையும் கூப்பிடாதீர்கள். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். வனத்துறையிடம் சொல்லலாம். ஓட்டு இடுக்கைக் கம்பி வலையால் அடைப்பதாக இருந்தால், உள்ளே குட்டி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தாய் வெளியிலும் குட்டி உள்ளேயும் மாட்டிக்கொண்டால் அப்புறம் கேட்கிற சத்தத்துக்கு உங்கள் மாமியாரே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

இன்னொன்று. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'க்குத் தியேட்டரில் வந்த முடிவு தவிர வேறு முடிவுகளும் எடுத்திருக்கிறார்கள். நாங்கள் பார்த்தது தியேட்டர் முடிவு, கடைசியில் டமார் என்று சத்தம் வைத்து முடித்தது எனக்குப் பிடிக்கவில்லை. மற்றதைப் பார்த்தவர்கள் இருந்தால் கதையை உடைக்காமல், எது அதிகம் பயமுறுத்தியது என்று மட்டும் சொல்லுங்கள்.