பிக்கப் கியர் விழமாட்டேங்குது, கம்பம் குமுளி பக்கத்து அண்ணன்மார் யாராச்சும் சொல்லுங்க

காய் ஏத்துற பிக்கப்ணே. குமுளி மலை ஏறுறப்ப கொண்டை ஊசி வளைவுல செகண்ட் விழமாட்டேங்குது. இன்ஜின் ஆஃப்ல எல்லா கியரும் சுளுவா விழுது. ஸ்டார்ட் பண்ணினா ரிவர்ஸ் கரகரன்னு கத்துது. கிளட்ச் பெடல் பாதி வரைக்கும் தொளதொளன்னு போகுது, பம்ப் அடிச்சாத்தான் ஒருவழியா விழுது. கிளட்ச் ஆயில் டப்பால ஆயிலும் குறையுது. கீழ கிளட்சைத் தள்ளுற ஸ்லேவ் சிலிண்டர் ரப்பரைத் தூக்கிப் பார்த்தா உள்ளே கருப்பா ஈரம்.

மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட்டு மாத்தணும்ங்கிறார். பிளேட்டு தேஞ்சிருந்தா மேட்டுல இன்ஜின் இரையும், வண்டி நகராதுல்ல? இது லோடோட நல்லாவே இழுக்குது. எனக்கென்னவோ சிலிண்டர்தான்னு தோணுது. ரப்பர் கிட் போட்டு ஆயில் லைன்ல இருக்குற ஏர் எடுத்தா தாங்குமா, இல்ல பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து முழுசா மாத்திடவா? தேனியில சாமான் எங்கண்ணே கிடைக்கும்? ஓணம் லோடு வேற நெருங்குது.