மசோதா நிறைவேறிவிட்டது என்கிறார்கள், அப்புறம் ஏன் அமலில் இல்லை?

மைக்கூடு:
‘பேரவையில் சட்டம் நிறைவேறியது’ என்று செய்தி வருகிறது. சில மாதம் கழித்து விசாரித்தால் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்கிறார்கள். வேறு சில சட்டங்கள் அமலில் இருக்கின்றன, ஆனால் ‘விதிகள் வரட்டும்’ என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். இன்னொரு இடத்தில் ஒரு ஜி.ஓ.வை (அரசாணையை) நீட்டி ‘இதுதான் சட்டம்’ என்கிறார்கள். மசோதா, சட்டம், விதி, அரசாணை, இதில் எது எப்போது நம்மைக் கட்டுப்படுத்தும்? ஒரு சட்டம் இன்றைக்கு உயிரோடு இருக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்ள வழி உண்டா?

அரசிதழ்ப்பூச்சி:
உண்டு. சட்டத்தைக் கையில் எடுத்ததும் பிரிவு 1-ஐப் படியுங்கள். பெயர்தானே என்று எல்லோரும் தாண்டிப்போகிற இடம் அதுதான். பெயருக்குக் கீழே உள்ள உட்பிரிவில் ‘அரசு அறிவிக்கை மூலம் குறிக்கும் தேதியில் நடைமுறைக்கு வரும்’ என்று இருந்தால், சாவி அரசின் பையில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த அறிவிக்கை, அதாவது அரசிதழில் அரசு வெளியிடும் அறிவிப்பு, வரும்வரை சட்டம் வெறும் அச்சுத்தாள். டெல்லி வாடகைச் சட்டம் 1995-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலே பெற்றுவிட்டது. தேதி குறிக்காமலே கிடப்பில் போட்டார்கள். ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-இல் ஒப்புதல் பெற்று, 2025 நவம்பர் 21-இல்தான் அமலுக்கு வந்தது.

‘வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு தேதி குறிக்கலாம்’ என்ற வரியும் கூடவே இருந்தால் இன்னும் கவனம் தேவை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 25-இல் ஒப்புதல், 2024 ஜூலை 1 முதல் அமல். ஆனால் தேதி குறித்த அறிவிக்கையிலேயே 106-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவை மட்டும் விலக்கிவிட்டார்கள். விபத்தில் ஆள் இறந்தபின் தகவல் சொல்லாமல் ஓடிவிடும் ஓட்டுநருக்கு 10 ஆண்டு வரை சிறை என்கிற, லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்த அதே உட்பிரிவு. புத்தகத்தில் 106(2) அச்சாகித்தான் இருக்கும். புத்தகத்தை மட்டும் பார்த்துப் பேசுகிறவர் இங்கே சறுக்குவார்.

இதற்கு நேர்மாறு, தகவல் அறியும் உரிமைச் சட்டம். சில பிரிவுகள் உடனே, மற்றவை 120-ஆம் நாளில் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதனால் 2005 ஜூன் 15-இல் ஒப்புதல், அக்டோபர் 12-இல் தானாக அமல். எந்தத் துறையும் இழுத்தடிக்க முடியவில்லை. என்னைக் கேட்டால் எல்லாச் சட்டத்தையும் இப்படித்தான் எழுத வேண்டும்.

தேதி பற்றிப் பேச்சே இல்லாத மத்தியச் சட்டம் என்றால், 1897-ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டப்படி ஒப்புதல் கிடைத்த நாளே அமல் நாள்.

குரல்வாக்கு:
மேலே சொன்னது ஒப்புதலுக்குப் பிந்தைய கதை. அதற்கு முன்னாலேயே மசோதா சிக்கிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன.

துறை கருத்துரு எழுதும், சட்டத்துறை அதை வாசகமாக்கும், அமைச்சரவை ஒப்பும், பிறகு பேரவையில் அறிமுகம். அறிமுகத்தன்று வழக்கமாக விவாதம் கிடையாது. அடுத்த கட்டம் ஆய்வு: மசோதாவின் நோக்கம் பற்றிய பொது விவாதம், வேண்டுமானால் உறுப்பினர்கள் சிலர் கொண்ட தெரிவுக் குழுவின் ஆய்வு, பிறகு பிரிவு பிரிவாக வாக்கெடுப்பு. ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’ என்று பேரவைத் தலைவர் வேகமாக வாசிப்பது இந்தக் கட்டத்தில்தான். கவனித்தால் அவர் பிரிவு 2-இலிருந்து தொடங்குவார். பிரிவு 1, இயற்றுவாசகம் (‘இவ்வாறு சட்டம் இயற்றப்படுகிறது’ என்ற தொடக்க வரி), பெயர் எல்லாம் கடைசியில்தான். உள்ளே திருத்தம் ஏற்கப்பட்டால் பெயரோ ஆண்டோ மாற வேண்டிவரலாம் அல்லவா. திருத்தம் கொடுக்க நினைக்கும் உறுப்பினருக்கு இதுதான் நேரம். மூன்றாம் கட்டத்தில் மசோதாவை ஏற்கலாம், எதிர்க்கலாம், உள்ளடக்கத்தில் கைவைக்க முடியாது.

தமிழ்நாட்டில் மேலவை 1986-இல் கலைக்கப்பட்டதால் ஒரே அவையோடு முடிந்துவிடும். அடுத்து ஆளுநர். அரசமைப்புச் சட்டத்தின் உறுப்பு 200-இன்படி ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கலாம். பண மசோதா (வரி, அரசுச் செலவு போன்றவை பற்றியது) அல்லாததை மறுபரிசீலனைக்குத் திருப்பினால், அவை மீண்டும் நிறைவேற்றி அனுப்பியபின் ஒப்புதலை நிறுத்திவைக்க அவருக்கு இடமில்லை. எத்தனை நாளுக்குள் என்று உறுப்பில் எண் இல்லை, சண்டை முழுக்க அதில்தான். 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று சொல்லிக் காலக்கெடுவும் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளிக்கையில், நீதிமன்றம் காலக்கெடு விதிக்கவோ ‘ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவோ’ முடியாது, ஆனால் ஆளுநர் காலவரையின்றிக் கிடப்பில் போடவும் முடியாது என்றது. பழைய தீர்ப்பை மட்டும் பகிர்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்கவும்.

மைக்கூடு:
நன்றி, பிரிவு 1 விஷயம் புரிந்தது. அப்படியென்றால் விதியும் ஜி.ஓ.வும்? அவசரச் சட்டம் எங்கே வருகிறது?

தாள்கட்டு:
சட்டம் ‘என்ன’ என்று சொல்லும். எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள், யாரிடம் மனு என்பதை விதிக்கு விட்டுவிடும். சட்டத்தின் கடைசிப் பிரிவுகளில் ‘விதிகள் செய்யும் அதிகாரம்’ என்று ஒன்று இருக்கும். அதில் சொன்ன எல்லைக்கு வெளியே விதி போனால் நீதிமன்றத்தில் நிற்காது. ‘விதிகள் வரட்டும்’ என்பது சில நேரம் நியாயம், சில நேரம் சாக்கு. சட்டமே முழுமையாக உரிமை கொடுத்துவிட்டு விதிக்கு நடைமுறையை மட்டும் விட்டிருந்தால், விதி இல்லை என்று உரிமையை மறுப்பது கஷ்டம். ‘குறித்துரைக்கப்பட்டவாறு’ (விதியில் சொன்னபடி) என்ற சொல் அந்தப் பிரிவிலேயே இருந்தால் அலுவலகம் சொல்வதில் பொருள் இருக்கிறது.

ஜி.ஓ. விஷயத்தில் குழப்பத்துக்குக் காரணம், இரண்டு வகைச் சரக்கு ஒரே உறையில் வருவது. முகப்பு வாசகத்தைப் பாருங்கள். ‘இன்ன சட்டத்தின் இன்ன பிரிவு வழங்கும் அதிகாரங்களைக் கொண்டு’ என்று தொடங்கினால் அது சட்டப்பூர்வ விதி அல்லது அறிவிக்கை. தமிழ்நாடு அரசிதழின் மூன்றாம் பகுதியில் தேடலாம். அந்த வாசகம் இல்லாமல் ‘அரசு கவனமாகப் பரிசீலித்து ஆணையிடுகிறது’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் நிர்வாக ஆணை. அதிகாரிகளை அது கட்டுப்படுத்தும், சட்டம் பேசாத இடத்தை நிரப்பும், சட்டத்தையோ விதியையோ மீற முடியாது.

வெளியிடாத சட்டத்துக்கும் வலு இல்லை. ஜெய்ப்பூர் அபினிச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டவரை உச்ச நீதிமன்றம் 1951-இல் விடுவித்தது அந்த ஒரே காரணத்துக்காக: மக்களுக்குத் தெரியும்படி அதை யாரும் வெளியிடவே இல்லை.

அவசரச் சட்டம், அவை கூடாத காலத்துக்கானது. பிறப்பித்ததுமே சட்டத்தின் வலு உண்டு. அவை மீண்டும் கூடி 6 வாரத்தில் காலாவதி, அதற்குள் மசோதாவாக நிறைவேற்ற வேண்டும். ஜல்லிக்கட்டில் 2017 ஜனவரி 21 அவசரச் சட்டம், 23-ஆம் தேதியே மசோதா, 31-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். விலங்கு வதை, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் செய்யக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதாலும் மத்தியச் சட்டத்தோடு முரண்படுவதாலும் ஆளுநர் கையெழுத்து மட்டும் போதவில்லை.

அரசிதழ்ப்பூச்சி:
ஒன்று விட்டுப்போயிற்று. தமிழ் வாசகத்தை மட்டும் வைத்து வாதிடாதீர்கள். தமிழ் வாசகமும் ஆங்கில வாசகமும் முட்டிக்கொண்டால் அரசமைப்புச் சட்டத்தின் உறுப்பு 348-இன்படி ஆங்கில வாசகம்தான் செல்லும். சட்டங்களை அரசு தொகுத்து வைத்திருக்கும் இந்தியா கோட் இணையதளத்தில் இறக்கும்போது அடிக்குறிப்புகளையும் சேர்த்து இறக்குங்கள், அமல் தேதியும் எந்தத் திருத்தத்தால் எந்தச் சொல் மாறியது என்பதும் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கும்.